நான்கு மில்லிமீட்டர்

பணப்பையில் ஒரு நூறு ரூபாய்த் தாள், ஓர் இருநூறு, ஓர் ஐந்நூறு இருந்தால் வெளியே எடுங்கள். இடது ஓரம் மூன்றுக்கும் பொருந்தும்படி ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். வலது ஓரத்தில் மூன்றும் கொஞ்சம் கொஞ்சமாக விலகி நிற்கும். நூறின் நீளம் 142 மில்லிமீட்டர். இருநூறு 146. ஐந்நூறு 150. அகலம் மூன்றுக்கும் ஒன்றுதான், 66 மில்லிமீட்டர். ஆக, ஒரு தாளையும் அடுத்த தாளையும் பிரிப்பது நான்கு மில்லிமீட்டர், ஓர் உளுந்தின் நீளம்.

இப்போது அவற்றைக் கலைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை மட்டும் எடுத்துப் பாருங்கள். எந்தத் தாள் என்று சொல்வது கடினம். மூன்றும் சேர்ந்திருந்தபோது விரல் உணர்ந்த வேறுபாடு, ஒப்பிடத் துணையில்லாத ஒற்றைத் தாளில் காணாமல் போய்விடுகிறது. கடைக்காரர் மீதி தருவதும், பஸ்ஸில் கண்டக்டரிடம் நாம் நீட்டுவதும் பெரும்பாலும் ஒற்றைத் தாள்தான்.

2016 நவம்பருக்கு முன்பு நிலைமை வேறு. பழைய மகாத்மா காந்தி வரிசையில் ஐம்பது ரூபாய் 147 மில்லிமீட்டர், நூறு 157, ஐந்நூறு 167, ஆயிரம் 177. படிக்குப் படி பத்து மில்லிமீட்டர். பார்வையற்றவர்கள் தாளை இரண்டு விரல்களுக்கு நடுவே செருகி மடித்து, விளிம்பு விரலில் எதுவரை எட்டுகிறது என்று பார்ப்பார்கள். பத்து மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கு இந்த அளவுகோல் போதுமானதாக இருந்தது. புதிய வரிசை வந்ததும் அது பயனற்றுப் போனது. அதைவிடச் சங்கடம், பழைய நூறு ரூபாயும் இன்று செல்லும் என்பது. பழைய நூறு 157 மில்லிமீட்டர், புதிய ஐந்நூறு 150. நீளமான தாள் பெரிய தொகை என்ற ஒரே விதியும் உடைந்துவிட்டது.

தொட்டு அறியும் குறிகள் தாளில் இல்லாமல் இல்லை. நூறில் ஒரு முக்கோணம், ஐந்நூறில் ஒரு வட்டம். ஓரங்களில் சாய்கோடுகள், நூறில் நான்கு, ஐந்நூறில் ஐந்து. செதுக்கிய தகட்டின் பள்ளங்களில் மையை நிரப்பிக் கடும் அழுத்தத்தில் தாளைப் பதித்தால், மை மேடாக எழும்பி நிற்கும். வங்கியிலிருந்து வந்த புதுத்தாளில் நகத்தால் வருடினால் அந்த மேடு தெரிகிறது. மீன் சந்தையிலும் காய்கறிக் கடையிலும் ஈரக் கைகள் பல மாறிய தாளில் அது தேய்ந்து மழுங்கிவிடுகிறது. புதிய வரிசையில் நூறுக்குக் கீழே உள்ள தாள்களுக்கு இந்தக் குறியும் கிடையாது.

2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி 'மணி' என்ற கைபேசிச் செயலியை வெளியிட்டது. தாளைக் கேமராவுக்கு முன்னால் காட்டினால் மதிப்பைக் குரலில் சொல்லும்; இணையம் தேவையில்லை. நல்ல முயற்சிதான். ஆனால் நெரிசலான பஸ்ஸில் ஒரு கை மேல் கம்பியில், மறு கையில் வெள்ளை ஸ்டிக். தாளைப் பிடிக்க ஒன்று, கைபேசியைப் பிடிக்க ஒன்று என்று இன்னும் இரண்டு கைகளுக்கு எங்கே போவது? கைபேசிவழிப் பணம் செலுத்தும் கடைகளில் தொகையை உரக்கச் சொல்லும் சின்ன ஒலிப்பெட்டி இருக்கிறதே, அது கைவேலையாக இருக்கும் கடைக்காரருக்காக வந்தது. வாங்குபவருக்குப் பார்வை இல்லையென்றால், ஐம்பதுக்குப் பதில் ஐந்நூறு போய்விட்டதா என்று அவரும் அதைக் கேட்டே தெரிந்துகொள்கிறார்.

பார்வை இழப்பைப் பற்றிய அத்தியாயத்தைக் கண்ணில் தொடங்காமல் பணத்தில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. 2016-ல் யாருடைய விழித்திரையும் மோசமாகவில்லை, யாருடைய விரலும் மரத்துப்போகவில்லை. முந்தைய நாள்வரை தன் பணத்தைத் தானே எண்ணிய ஒருவர், மறுநாள் பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டியவரானார். மாறியது தாளின் வடிவமைப்பு மட்டுமே. ஒருவரால் என்ன முடியும், என்ன முடியாது என்பதைக் கண் மட்டும் தீர்மானிப்பதில்லை. சுற்றியிருக்கும் பொருள்கள் தங்களைப் பற்றிய செய்தியை எந்த வழியில் தருகின்றன என்பதற்கும் அதில் சம பங்கு இருக்கிறது.

*

பார்வை இழப்பு என்றதும் நம் மனத்தில் தோன்றுவது முழு இருட்டு. உண்மையில் பார்வையற்றவர் என்று சான்றிதழ் பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு ஏதோ ஓரளவு பார்வை மிஞ்சியிருக்கிறது. ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரியும். ஆள் நகர்வது நிழலாகத் தெரியும்.

நம் நாட்டுச் சட்டம் இரண்டு அளவுகளை வைத்திருக்கிறது. முதலாவது கூர்மை: இரண்டில் நல்ல கண்ணில், கண்ணாடி போட்ட பிறகும் 3/60-க்குக் குறைவு. மற்றவர் 60 மீட்டர் தள்ளி நின்று படிக்கும் எழுத்தை இவரால் 3 மீட்டரில் நின்றும் படிக்க முடியாது. இரண்டாவது புலம்: 10 பாகைக்குக் குறைவு. கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடியுங்கள். அந்த முஷ்டி மறைக்கும் அகலம் ஏறத்தாழ 10 பாகை. அவ்வளவுதான் அவருக்குத் தெரியும் உலகம். ஆனால் அதற்குள் எல்லாம் பளிச்சென்றே தெரியலாம்.

இந்த இரண்டாவது வகையினர்தான் பொதுஇடங்களில் அதிகம் அவமானப்படுகிறார்கள். விழித்திரையில் மங்கிய ஒளியையும் ஓரப் பார்வையையும் கவனிக்கும் கோல் செல்கள் சுமார் 12 கோடி, நிறத்தையும் நுணுக்கத்தையும் பார்க்கும் கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம். ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை நோயில் கோல் செல்கள் முதலில் அழிகின்றன. இளவயதில் மாலைக்கண், பிறகு ஓரங்கள் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் ஒரு குழாய் வழியே பார்ப்பது மட்டும் மிஞ்சுகிறது. அந்தக் குழாய்க்குள் செய்தித்தாள் எழுத்தைப் படிக்கலாம். ஆனால் காலடியில் கிடக்கும் பள்ளமும் பக்கத்தில் வரும் சைக்கிளும் தெரியாது. வெள்ளை ஸ்டிக்கோடு பஸ் ஏறிய ஒருவர் உட்கார்ந்ததும் கைபேசியைப் படிக்கத் தொடங்கினால், "நல்லாத்தானே தெரியுது, நடிக்கிறான்" என்று சொல்லிவிடுகிறார்கள். அவர் நடிக்கவில்லை. ஸ்டிக் காலுக்கு, மிஞ்சிய பார்வை எழுத்துக்கு.

முதுமையில் வரும் மாகுலா சிதைவு இதற்கு நேர்எதிர். விழித்திரையின் நடுப்பகுதி கெடுகிறது. ஓரப் பார்வை இருப்பதால் வீட்டுக்குள் தடுமாறாமல் நடப்பார். எதிரே நிற்கும் பேரனின் முகம் மட்டும் தெரியாது. தெருவில் பார்த்தும் பேசாமல் போய்விட்டார் என்று உறவுக்காரர்கள் கோபித்துக்கொள்வது பல குடும்பங்களில் நடக்கிறது.

பார்வை மங்கியவர்களுக்கு எழுத்தின் அளவைவிட முக்கியமானது நிறவேறுபாடு. வெள்ளைப் பீங்கான் தட்டில் வெள்ளைச் சோற்றைப் போட்டு, மேலே தயிரையும் ஊற்றிக் கொடுத்தால் எது சோறு, எது தட்டு என்று தெரியாது. வாழையிலையில் போட்டால் அதே சோறு தெளிவாகத் தெரிகிறது. கறுப்பு டம்ளரில் பால், படியின் விளிம்பில் ஒரு மஞ்சள் பட்டை, வெள்ளைச் சுவரில் கருநிற ஸ்விட்ச். செலவு அதிகம் இல்லாத இந்த மாற்றங்கள் பல முதியவர்களைக் கீழே விழாமல் காத்திருக்கின்றன. இணையதளங்களுக்கான உலகத் தரவிதியும் இதைத்தான் எண்ணால் சொல்கிறது: எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிர்வு விகிதம் குறைந்தது 4.5-க்கு 1. வெளிர்சாம்பல் எழுத்தை வெள்ளைப் பின்னணியில் வைக்கும் வடிவமைப்பாளர்கள் இந்த எண்ணை மேசையில் எழுதி ஒட்டிவைக்க வேண்டும்.

வீட்டுக்குள் யாரும் வாய்விட்டுச் சொல்லாத இன்னொன்றும் உண்டு. பார்வை மங்கிய முதியவர் ஒருவர், அறையில் சின்னச் சின்ன மனிதர்கள் நடமாடுவதையும் சுவரில் கோல வடிவங்கள் விரிவதையும் பார்க்கிறார். பேய், பிசாசு என்று வீடு அஞ்சுகிறது, அல்லது புத்தி பேதலித்துவிட்டது என்கிறது. ஸ்விட்சர்லாந்து அறிஞர் சார்ல் போனே, கண்புரையால் பார்வை குறைந்த தன் பாட்டனாருக்கு இப்படித் தோன்றுவதை 1760-ல் எழுதிவைத்தார். அவர் பெயராலேயே இது அழைக்கப்படுகிறது. கண்ணிலிருந்து செய்தி வருவது குறைந்துபோனதால் மூளையின் பார்வைப் பகுதி தானே இயங்கிப் படங்களை உண்டாக்குகிறது. புத்தியில் கோளாறு எதுவும் இல்லை. அந்தத் தாத்தாவிடம் இதைச் சொல்லிவிட்டாலே பாதி பயம் போய்விடும். மந்திரிப்பவரிடம் அழைத்துப் போகும் முன் கண் மருத்துவரிடம் கேளுங்கள்.

தூக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. விழித்திரையில் கோலும் கூம்பும் தவிர, ஒளியை உணரும் மூன்றாம் வகைச் செல்கள் இருப்பது 2002-ல் உறுதியானது. அவற்றின் முக்கிய வேலை உடலுக்குப் பகல் எது, இரவு எது என்று சொல்வது. கண்ணுக்கு எதுவுமே தெரியாத சிலருக்கும் இந்தச் செல்கள் பிழைத்திருப்பதால் தூக்கம் ஒழுங்காக வருகிறது. அவையும் அழிந்தவர்களுக்கு உடலின் கடிகாரம் 24 மணியைச் சற்றே தாண்டி ஓடுவதால் தூக்க நேரம் நாளுக்கு நாள் தள்ளிப்போகிறது. சில வாரங்கள் இரவில் நன்றாகத் தூங்குவார். பிறகு சில வாரங்கள் நடுப்பகலில் கண் சொருகும். இதைச் சோம்பல் என்று திட்டுவது அநியாயம்.

இந்தியாவில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் பார்வையிழப்புக்குப் பெரும் காரணம் கண்புரை. 2015 முதல் 2019 வரை நடந்த தேசிய ஆய்வில் அதன் பங்கு மூன்றில் இரண்டு. அறுவைசிகிச்சையில் சரியாகிவிடும். 1976-ல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, அந்தச் சிகிச்சையை ஏழைகளுக்கும் எட்டச் செய்த கதை உலகறிந்தது. மருத்துவத்தால் சரிசெய்ய முடியாத பார்வையிழப்போடு வாழ்கிறவர்களைப் பற்றித்தான் இனி பேசப்போகிறோம்.

*

கண்ணிலிருந்து செய்தி வராத மூளையில் பின்புறப் பார்வைப் பகுதி சும்மா கிடக்குமா? 1996-ல் நோரிஹிரோ சதாத்தோவும் உடன்பணியாளர்களும் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. சிறுவயதிலேயே பார்வை இழந்தவர்கள் பிரெய்ல் படிக்கும்போது மூளையைப் படம் எடுத்தார்கள். விரல் புள்ளிகளைத் தடவியபோது பார்வைக்கான பகுதி சுறுசுறுப்பாக வேலை செய்தது. அடுத்த ஆண்டு வேறொரு சோதனையில், காந்தத் துடிப்பால் அந்தப் பகுதியைச் சற்றுநேரம் குழப்பினார்கள். படிப்பவர்கள் தவறு செய்தார்கள். புள்ளிகள் இடம்மாறியதாக உணர்ந்தார்கள்.

மறுக்க முடியாத சான்று 2000-ல் வந்தது. பிரெய்லில் தேர்ந்த, பிறவியிலேயே பார்வையற்ற ஒரு பெண்மணிக்குப் பக்கவாதம் வந்து மூளையின் இருபுறப் பார்வைப் பகுதிகளும் சிதைந்தன. குணமான பிறகு விரலில் உணர்ச்சி இருந்தது; புள்ளிகள் தட்டுப்பட்டன; பொருள்களைத் தடவி அடையாளம் சொன்னார். பிரெய்ல் மட்டும் படிக்க முடியவில்லை. ஒருநாளும் பார்த்திராத அவருடைய பார்வைப் பகுதிதான் அவருக்கு எழுத்தைப் படித்துக் கொடுத்திருக்கிறது.

பார்வையற்றவர்களுக்குக் காது இயல்பிலேயே கூர்மை என்று நம்புகிறோம். செவித்திறன் சோதனையில் அவர்கள் கேட்கும் மிகமெல்லிய ஒலியும் நாம் கேட்பதும் ஏறக்குறைய ஒன்றே. வந்த ஒலியிலிருந்து செய்தியைப் பிரித்தெடுப்பதில்தான் வித்தியாசம், அதற்குப் பயிற்சியும் கைமாறிவந்த மூளைப் பகுதியும் காரணம். கடவுள் ஒன்றை எடுத்தால் இன்னொன்றைக் கொடுப்பார் என்று ஆறுதல் சொல்பவர்கள், அந்தப் பயிற்சிக்குப் பின்னால் இருக்கும் பல்லாண்டு உழைப்பை அறியாமலே மறைத்துவிடுகிறார்கள்.

*

பிரெய்லின் அழகு அதன் அளவில் இருக்கிறது. பிரான்சின் கூவ்ரே ஊரில் 1809-ல் பிறந்த லூயி பிரெய்ல், மூன்று வயதில் அப்பாவின் தோல் பட்டறையில் ஊசி கண்ணில் குத்திப் பார்வையை இழந்தார். இராணுவத்தில் இருந்த சார்ல் பார்பியே உருவாக்கிய பன்னிரண்டு புள்ளி எழுத்து அவர் பள்ளிக்கு வந்தது. ஒரு எழுத்தைப் படிக்க விரலை மேலும் கீழும் நகர்த்த வேண்டியிருந்தது. பிரெய்ல் அதை ஆறாகக் குறைத்தார். அப்போது அவருக்கு வயது 15. ஆறு புள்ளிகள், ஒன்றுக்கொன்று சுமார் 2.5 மில்லிமீட்டர் இடைவெளி, அரை மில்லிமீட்டர் உயரம். ஒரு எழுத்து முழுவதும் விரல் நுனியின் கீழ் அடங்கிவிடும். விரல் நுனியால் இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாக உணர இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி போதும். பையன் தன் விரலையே அளந்து எழுத்தைச் செய்திருக்கிறான்.

ஆறு புள்ளிகளில் கிடைக்கும் வடிவங்கள் 63. தமிழ் எழுத்தோ 247. ஆனால் உயிரும் மெய்யும் தெரிந்தால் உயிர்மெய்யைக் கூட்டிக்கொள்ளலாம் என்பதால் இடம் தாராளமாகப் போதும். இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக 1951-ல் ஏற்கப்பட்ட பாரதி பிரெய்லில் தமிழின் 'க'வும் தெலுங்கின், வங்கத்தின், இந்தியின் அதே ஒலியும் ஒரே இரண்டு புள்ளிகள். அச்சில் 'கொ' எழுதும்போது கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் க. பிரெய்லில் க, அதன்பின் ஒ, அவ்வளவுதான். இலக்கணம் சொல்லும் வரிசையிலேயே விரல் படிக்கிறது.

கைபேசி எல்லாவற்றையும் பேசிக் காட்டும்போது பிரெய்ல் எதற்கு என்று கேட்கும் கல்வியாளர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குக் கடுமையான கருத்து வேறுபாடு உண்டு. அரமும் அறமும் காதுக்கு ஒன்றுபோலத்தான் கேட்கும். கரியும் கறியும் அப்படியே. கேட்டே வளரும் குழந்தைக்கு எழுத்து தெரியாது. எங்கே பத்தி முடிகிறது, எங்கே அடைப்புக்குறி தொடங்குகிறது, கணக்கில் வகுகோட்டின் மேல் என்ன, கீழ் என்ன என்பதும் தெரியாது. பார்வையுள்ள பிள்ளைக்கு ஒலிநாடா போதும், எழுத்து வேண்டாம் என்று எந்தப் பெற்றோராவது ஒப்புவார்களா?

*

சமையலறையில் பார்வையற்ற ஒருவர் தண்ணீர் ஊற்றுவதைக் கவனித்தால் அவர் டம்ளரைப் பார்க்கும் திசையில்கூடத் திரும்பியிருக்க மாட்டார். சரியாக விளிம்புக்குக் கீழே நிறுத்துவார். டம்ளரில் நீர் ஏற ஏற, மேலே இருக்கும் காற்றுத் தம்பத்தின் நீளம் குறைகிறது. தம்பம் குட்டையாகக் குட்டையாகச் சுருதி ஏறுகிறது. குடம் நிறையும் ஒலியைக் கேட்டே குழாயை மூட எழுந்து வந்தவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்! அதே இயற்பியல்தான். கடுகு வெடிப்பது, வெங்காயத்தின் ஈரம் வற்றிச் சத்தம் மாறுவது, தோசையின் ஓரம் வெந்ததும் இரைச்சல் அடங்குவது என்று அடுப்பு ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறது. அடுப்பைப் போல எதுவும் பேசாத ஒன்று அடுத்த அலமாரியில் இருக்கிறது: மாத்திரை அட்டை. ஐரோப்பிய ஒன்றியம் 2004-ல் கொண்டுவந்த சட்டப்படி மருந்துப் பெட்டியின் மேல் மருந்தின் பெயர் பிரெய்லில் இருக்க வேண்டும். இங்கே சர்க்கரை மாத்திரைக்கு ஒரு ரப்பர் பேண்டு, இரத்த அழுத்த மாத்திரைக்கு இரண்டு என்று அவரவர் வீட்டில் அவரவர் சுற்றிக்கொள்கிறார்கள்.

தெருவிலும் ஒலிதான் வரைபடம். மதிற்சுவரை ஒட்டி நடக்கும்போது காலடியோசை சுவரில் பட்டுத் திரும்புகிறது. சந்து வந்ததும் அந்த எதிரொலி திடீரென்று இல்லாமல் போகும். கூடவே கன்னத்தில் ஒரு காற்று. இதை ஒருகாலத்தில் முகத்தின் தோல் உணர்வதாகவே நினைத்தார்கள். 1944-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சூபா, கோட்சின், டாலன்பாக் மூவரும் அதைச் சோதித்தார்கள். சுவரை நோக்கி நடந்தவர்கள் முகத்தை மூடியபோதும் மோதாமல் நின்றார்கள். காதை அடைத்தபோது மோதினார்கள். நாக்கைச் சொடுக்கி எதிரொலியால் வழி அறிபவர்களின் மூளையை 2011-ல் லோர் தாலரும் உடன்பணியாளர்களும் படம் எடுத்தபோது, இங்கேயும் பார்வைப் பகுதியே விழித்தது. இது அபூர்வ வரம் இல்லை. 2021-ல் வெளியான ஆய்வில் 21 முதல் 79 வயதுவரை உள்ளவர்கள் 10 வாரப் பயிற்சியில் இதைக் கற்றுக்கொண்டார்கள்.

ஸ்டிக் தரும் செய்தி கையின் வழியே வருகிறது. இன்று நாம் பார்க்கும் நீளமான கோலும் அதை வீசி நடக்கும் முறையும் இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்காக ரிச்சர்ட் ஹூவர் 1944 வாக்கில் வகுத்தவை. இடது கால் முன்னே போகும்போது கோலின் நுனி வலப்பக்கம், வலது கால் போகும்போது இடப்பக்கம். அடுத்த காலடி விழும் இடத்தைக் கோல் முன்கூட்டியே தொட்டுவிடும். இடுப்புக்கு மேலே இருப்பது அதற்குத் தெரியாது. தாழ்ந்த கிளை, கடை முன்னால் சாய்த்த போர்டு, லாரியின் பின்னால் நீட்டிய கம்பி எல்லாம் நேரே முகத்தில் மோதும். தில்லி ஐஐடி உருவாக்கி, சென்னை நிறுவனம் ஒன்று தயாரித்து 2014-ல் வெளிவந்த 'ஸ்மார்ட் கேன்' மீயொலியை அனுப்பி, மூன்று மீட்டர்வரை உள்ள தடையைக் கைப்பிடியின் அதிர்வால் சொல்கிறது.

நடைபாதையில் மஞ்சள் ஓடுகளைப் பார்த்திருப்பீர்கள். ஜப்பானின் செய்இச்சி மியாகே 1965-ல் கண்டுபிடித்து, 1967 மார்ச் 18 அன்று ஒகயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே முதன்முதலில் பதித்தது. நீளக் கோடு இருந்தால் நடக்கலாம், புள்ளி இருந்தால் நிற்க வேண்டும். மொழியில் இரண்டே சொற்கள். நம் ஊர்களில் அந்தக் கோட்டை நம்பி நடப்பவரை மின்பெட்டியிலோ மரத்திலோ கொண்டுபோய் நிறுத்தும் நடைபாதைகள் உண்டு. கோட்டு ஓடும் புள்ளி ஓடும் இடம்மாறிப் பதிக்கப்பட்ட இடங்களும் உண்டு. பதித்தவருக்கு அது அலங்காரம் இல்லை, எழுத்து என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதில் எழுத்துப்பிழை விட்டால் ஒருவர் சாலைக்குள் இறங்கிவிடுவார்.

புதிதாகச் சேர்ந்த ஆபத்து, சத்தமில்லாத மின்வாகனம். வேகமாக வந்தால் டயர் ஓசையாவது கேட்கும். மணிக்கு 20 கிலோமீட்டருக்குக் கீழே ஒன்றுமே கேட்காது. தெருமுனையில் திரும்பும் வண்டிகள் எல்லாம் இந்த வேகத்தில்தான் வருகின்றன. அதனால்தான் ஐரோப்பாவில் 2021 ஜூலை முதல் விற்பனையாகும் ஒவ்வொரு புதிய மின்காரும் அந்த வேகம்வரை ஒலி எழுப்பியாக வேண்டும். நம் தெருக்களில் ஓடும் மின்ஸ்கூட்டர்களுக்கும் இது வேண்டும்.

பார்வையற்ற ஒருவருக்கு உதவ முன்வந்தால் தோளைத் தள்ளுவதும் ஸ்டிக்கைப் பிடித்து இழுப்பதும் வேண்டாம். உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே அவர் பிடித்துக்கொள்ளட்டும். அரை அடி பின்னால் வரும் அவருக்கு, உங்கள் உடல் ஏறுவதும் இறங்குவதும் திரும்புவதும் கை வழியே தெரியும்.

*

கைபேசி இந்த வாழ்க்கையை மாற்றியிருக்கிறது என்பதில் ஐயமில்லை. 2009-ல் ஐபோனில் 'வாய்ஸ்ஓவர்' என்ற திரைவாசிப்பான் சேர்ந்தது. தடவிப் பார்க்க எதுவுமில்லாத வழுவழுக் கண்ணாடியைப் பார்வையற்றவர் பயன்படுத்த முடியும் என்று அது காட்டியது. விரல் போகும் இடத்தில் இருப்பதைக் குரல் சொல்லும். இரண்டு முறை தட்டினால் திறக்கும். கணினிக்கு 2006-ல் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கர்ரன் தொடங்கிய 'என்விடிஏ' இலவசம். பழகியவர்கள் இதைக் கேட்கும் வேகம் நம்மை மலைக்கவைக்கும். நம் காது நொடிக்கு எட்டு அசைகளுக்கு மேல் தடுமாறும். பார்வையற்றவர்களில் தேர்ந்தவர்கள் 22 அசைகள்வரை புரிந்துகொள்வதை ஜெர்மன் ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள்.

திரைவாசிப்பான் திரையில் தெரியும் படத்தைப் பார்ப்பதில்லை. அதன் பின்னால் நிரலாளர் எழுதிவைத்த எழுத்துகளையும் பெயர்களையும்தான் எடுத்துப் பேசுகிறது. பொத்தானுக்கு 'பணம் அனுப்பு' என்று பெயர் வைக்காமல் ஒரு அம்புப்படத்தை மட்டும் வைத்தால், "பட்டன்... பட்டன்... பட்டன்" என்று சொல்லிக்கொண்டே போகும். எதைத் தட்டினால் பணம் போகும் என்று தெரியாது.

தமிழுக்கு இதில் தனித் துயரம் ஒன்று இருக்கிறது. இலங்கையிலும் இங்கேயும் பல்லாண்டு புழங்கிய 'பாமினி' எழுத்துருவில் 'தமிழ்' என்று தட்டச்சு செய்தால், கணினியின் நினைவில் பதிவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. ஜே-வைத் 'த' போல வரைந்து காட்டுவது மட்டுமே எழுத்துருவின் வேலை. கண்ணுள்ளவர் தமிழைப் பார்க்கிறார். திரைவாசிப்பான் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளை உச்சரிக்கிறது. யூனிகோடு தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்களைத் தந்து இதைத் தீர்த்துவிட்டது. அதில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்தது, தமிழ்நாடு அரசு 2010-ல் அதைத் தன் தரமாக ஏற்றது. ஆனாலும் பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்புகளும், அச்சடித்துக் கையெழுத்திட்டு மறுபடி ஸ்கேன் செய்த சுற்றறிக்கைகளும், பள்ளி வாட்ஸ்அப் குழுவில் படமாக வரும் விடுமுறை அறிவிப்புகளும் நிற்கவில்லை. அறிவிப்பைப் படமாக அனுப்புகிறவர்கள் கீழே அதே செய்தியை இரண்டு வரி தட்டச்சிட்டால், பார்வையற்ற ஒரு தாய் தன் மகனுக்கு நாளை பள்ளி உண்டா என்று பக்கத்து வீட்டைக் கேட்க வேண்டியதில்லை.

சட்டம் பின்தங்கி இல்லை. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கட்டடம், போக்குவரத்து, இணையம் எல்லாவற்றையும் அணுகத்தக்கதாக்கச் சொல்கிறது. புத்தகங்களை அனுமதி கேட்காமல் பிரெய்லாகவும் ஒலியாகவும் மாற்ற வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கையை 2014-ல் உலகிலேயே முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. ஆனால் சட்டத்தின் கீழ் வந்த விதி, தரங்களை வெறும் பரிந்துரையாக விட்டுவைத்தது. 2024 நவம்பர் 8 அன்று உச்சநீதிமன்றம் அது சட்டத்துக்கு முரண் என்று சொல்லி, கட்டாய விதிகளை வகுக்க மூன்று மாதக் கெடு தந்தது.

2025 ஏப்ரல் 30 அன்று வந்த இன்னொரு தீர்ப்பு, வங்கிக் கணக்கு திறக்கும்போது கேமரா முன்னால் கண்ணைச் சிமிட்டச் சொல்லும் நடைமுறையைப் பற்றியது. ஆசிட் வீச்சில் கண்ணும் இமையும் சிதைந்தவர்களும் பார்வையற்ற ஒருவரும் வழக்குத் தொடுத்திருந்தார்கள். திரையில் தெரியும் வட்டத்துக்குள் முகத்தைப் பொருத்து, சிமிட்டு என்று எழுத்தில் வரும் கட்டளையை இவர்கள் எப்படி நிறைவேற்றுவது? மின்னணுச் சேவைகளை அணுகுவது, அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. உயிருள்ள ஆள்தான் முன்னால் இருக்கிறார் என்று உறுதிசெய்ய இமையைத் தவிர வேறு வழிகளும் வேண்டும் என்றது.

முகத்தைப் பொருத்துவதற்கான தீர்வு ஏற்கனவே கையில் இருக்கிறது. வாய்ஸ்ஓவரை இயக்கி ஐபோனின் கேமராவைத் திறந்தால், சட்டகத்துக்குள் எத்தனை முகம், எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்று அது பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. பார்வையற்றவர்கள் அதை வைத்துக்கொண்டு குடும்பத்தோடு செல்ஃபி எடுக்கிறார்கள். வங்கிச் செயலி எழுதும் நிரலாளர் அதே குரலைத் தன் வட்டத்துக்கும் கொடுக்கலாம்.